ரெண்டு இஞ்சு கம்மி

"இன்னாடா தமிழழகா, வண்டிய தவழ வுட்டுட்ட?"

கள்ளக்குறிச்சி டாக்சி ஸ்டாண்டே சிரித்தது. தமிழழகனின் அம்பாசிடர் மற்ற வண்டிகளைவிட ரெண்டு இஞ்சு தாழ்ந்து நின்றது.

கேட்டவர் ராமசாமி. ஸ்டாண்டு சங்கத் தலைவர். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்திலும் முன்வரிசை ஆள். போன வருசம் சாலை மறியலில் ஜெயிலுக்குப் போய் வந்ததிலிருந்து அவர் பேச்சுக்கு மரியாதை ஜாஸ்தி.

"ரோட்டப் பாத்தியா? மறியலப்போ வெட்டின பள்ளம் இன்னும் பாதி மூடல. அவனவன் வண்டிய தூக்கிக் கட்டிக்கினு இருக்கான். நீ எறக்கிக்கினு வந்து நிக்கிற. ஷோக்கா?"

"என் வண்டி தலைவரே."

"ஸ்டாண்டு உன்னுது இல்ல. அடி தட்டி நடுவழில நின்னா கெட்ட பேரு எங்களுக்கு. பழையபடி ஏத்து. இல்ல, வேற எடம் பாத்துக்க."

"ஏத்த மாட்டேங்க."

சிரிப்பு நின்றுபோனது. ராமசாமியிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

பத்து நாள் முன்னால் மெக்கானிக் மாயவனும் இதற்காகத் திட்டத்தான் செய்தார். 

"அண்ணே, கேஸ் வச்சி சூடு காட்டினா ஸ்பிரிங் பட்டை தானா படுத்துக்குமாமே. அரை மணி வேலைன்றாங்க," என்று தமிழழகன் சொன்னதும் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"நெருப்பு பட்டா பட்டைக்கு உசுரு போயிடும். மலை வளைவுல ஒடிஞ்சா உள்ள இருக்கிறவனுக்கும் போயிடும். செஞ்சா ஒழுங்கா செய்யலாம். ரெண்டு இஞ்சுக்கு மேல ஒரு நூலுகூட எறக்க மாட்டேன்."

பின்பக்கப் பட்டைகளைக் கழற்றி, ஒன்றைக்கூடக் குறைக்காமல், சம்மட்டியால் தட்டித் தட்டியே வளைவைக் குறைத்தார். முன்பக்க முறுக்குக் கம்பியையும் அதே அளவுக்குத் தளர்த்தினார். "பின்னாடி மட்டும் எறக்கினா ஸ்டீரிங் பேச்சு கேக்காது," என்றார். ஷாக் அப்சார்பரைக் குட்டையாக மாற்றி, சக்கரங்களுக்கு நேர் பார்த்தார். கடைசியில் அஞ்சு நெல் மூட்டையை ஏற்றிவிட்டு, டயர் எங்காவது உரசுகிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தார்.

"யாருக்காகடா இவ்ளோ பாடு?"

"கேக்காதீங்கண்ணே. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

இப்போது ராமசாமியிடமும் அதைச் சொல்ல முடியாது. அதனால் வேறு ஒன்றைச் சொன்னான்.

"தலைவரே, நீங்களே ஏறுங்க. ஆளுங்களையும் ஏத்துங்க. வெள்ளிமலைக்கு ஏறி எறங்கலாம். ஒரு எடத்துல அடி தட்டினாலும் நானே ஸ்டாண்ட வுட்டுப் போயிடறேன்."

ராமசாமி முன்சீட்டில் ஏறினார். பின்னால் நாலு டிரைவர்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி ரோட்டின் குறுக்கே மறியல் பள்ளம். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். தமிழழகன் வேகத்தைக் குறைத்து வண்டியைச் சாய்வாக இறக்கினான். ஒவ்வொரு சக்கரமாக இறங்கி, ஒவ்வொரு சக்கரமாக ஏறியது. சத்தமே இல்லை.

கல்வராயன் மலை வளைவுகளில் வண்டி ஆடவில்லை, அலையவில்லை. பின்சீட்டில் சின்னராசு, "தூக்கிக் கட்டின என் வண்டியவிட இது நல்லாத்தான் போவுது," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

ராமசாமி திரும்பி முறைத்தார்.

ஸ்டாண்டில் இறங்கியதும் கதவை அறைந்து சாத்தினார். "ஓடுது. ஒத்துக்கிறேன். ஆனா இந்தத் தவழுற வண்டில எவன்டா ஏறுவான்?"

"ஏறுறதுக்கு ஆளு இருக்குங்க."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றது.

தமிழழகன் மனைவி செவ்வந்தி உள்ளே போய், ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் மலர்விழி. வயசு இருபத்திரண்டு. செவ்வந்திக்குத் தையல் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான். போலியோவில் ரெண்டு காலும் சூம்பிவிட்டன. வீட்டிலிருந்தே படித்து பி.ஏ. முடித்தவளுக்கு இன்றைக்கு விழுப்புரத்தில் அரசாங்க வேலைக்கான பரீட்சை.

டாக்சி பேச செவ்வந்தியை அனுப்பியபோது மலர்விழி சொன்னது ஒன்றுதான். "யாரும் என்னத் தூக்கக் கூடாதுக்கா. நான் மூட்டை இல்ல. நானே ஏறணும்."

அன்றைக்கே நாற்காலியையும் அம்பாசிடர் சீட்டையும் செவ்வந்தி அளந்து பார்த்தாள். சீட்டு ரெண்டு இஞ்சு உயரமாக இருந்தது.

இன்று ரெண்டும் சமம். நாற்காலியைக் கதவோடு ஒட்டி நிறுத்தினார்கள். மலர்விழி ஒரு கையைச் சீட்டில் ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு எம்பினாள். பாதியில் நின்றுவிட்டாள். உதவப் போன தமிழழகனைக் கண்ணாலேயே நிறுத்தினாள். இன்னொரு எம்பு. சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். செவ்வந்தி நாற்காலியை மடக்கி டிக்கியில் ஏற்றினாள்.

நெற்றி முழுக்க வேர்வை. முகம் முழுக்கச் சிரிப்பு.

அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அப்போதுதான் டீக்கடைப் பக்கமிருந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி ராமசாமி ஓடி வந்தார்.

"டேய் தமிழழகா! யாரக் கேட்டு வண்டிய இங்க கொண்டாந்த? எறக்குடா அவள!"

தமிழழகன் இஞ்சினைக் கிளப்பினான்.

ராமசாமி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மலரு, சொன்னா கேளு. ஊரே பாக்குது. உள்ள வா."

"பாக்கட்டும்ப்பா," என்றாள் அவள். "உங்களுக்கு இப்பிடி ஒரு பொண்ணு இருக்குன்னு இன்னிக்காவது ஊருக்குத் தெரியட்டும்."