சொட்டருக்குள்ள மஞ்சள்

"ஏனுங்க மிஸ், மஞ்ச நாளுன்னு சொல்லிப்போட்டு புள்ளைங்க அத்தனையும் நீலக் கலர்ல உக்கார வச்சிருக்கீங்க?"

ஒன்னாங்கிளாஸ் வாசப்படியில நின்னுக்கிட்டு வேணி கேட்டா. செருப்பைக்கூட இன்னும் கழட்டல.

மலைமேல கேத்தியில அந்தப் பள்ளிக்கூடத்துல மாசத்துக்கு ஒரு கலர் நாள் கொண்டாடுவாங்க. போன மாசம் பச்சை நாள். அன்னிக்கு ஒரு பொடியன் முழு முட்டைக்கோசைத் தலையில வச்சுட்டு வந்து, எறக்கவே மாட்டேன்னு அழுத கதை தனி. இந்த மாசம் மஞ்சள். காலையில இருந்து புள்ளைங்க எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஜூஸ் போட்டுச்சு, சாமந்திப் பூவைப் பிச்சுப் பிச்சு எண்ணுச்சு, மஞ்சத்தூளைக் கரைச்சு அதுல கையை முக்கி சார்ட்டுல பதிச்சுச்சு. மத்தியானம் போட்டோ எடுக்கறதுக்கு அம்மாமாரையும் வரச்சொல்லியிருந்தாங்க.

எல்லாம் சரிதான். ஆனா போட்டுட்டு வந்த மஞ்சத்துணி ஒன்னுகூட கண்ணுல படல. அத்தனை புள்ளையும் நீல ஸ்கூல் சொட்டரைக் கழுத்து வரைக்கும் ஜிப்பு போட்டு மூடிட்டு உக்காந்திருக்குது.

"குளிருதுங்கம்மா, அதான்," ன்னாங்க உஷா மிஸ்.

வேணி திரும்பி வெளிய பாத்தா. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. மிஸ்ஸே சால்வையைக் கழட்டி நாற்காலி மேல போட்டிருக்காங்க. நெத்தியில வேர்வை வேற.

என்ன கூத்துடா இதுன்னு வேணிக்கு ஒன்னுமே புரியல.

கேரட் கழுவுற ஷெட்டுல வேலை முடிஞ்சு வந்து, வெறைச்ச கையோட மக தர்ஷிக்காக அவ தச்ச மஞ்சக் கவுனுங்க அது. கழுத்துல லேஸ், இடுப்புல பட்டாம்பூச்சி. சாயம் போகுதான்னு பாக்க நேத்து அலசிப் போட்டா. கேத்தியில மேகம் எறங்கிருச்சுன்னா துணி எங்க காயுது? அவ சித்தப்பா கல்யாணத்துல மாப்பிள்ளை ஈர வேட்டியோடதான் தாலி கட்டுனாரு, போட்டோவுல பல்லு தந்தியடிக்கறது இன்னும் தெரியும். அதனால கவுனை அடுப்போரமா காயப்போட்டு, "காலையில மறக்காம இதைப் போட்டு அனுப்புங்க"ன்னு ஊட்டுக்காரர் ஏகநாதன்கிட்ட படிச்சுப் படிச்சு சொல்லிப்போட்டு, விடியறதுக்கு முன்ன ஷெட்டுக்குப் போயிட்டா. அவரு ஒருக்கா புள்ளை சட்டையைத் திருப்பிப் போட்டு அனுப்பிச்சுட்டு, "கடைப்பேரு வெளிய தெரியட்டுமேன்னுதான்"னு சமாளிச்ச ஆளு. சொல்லித்தானே ஆகோணும்?

பக்கத்துல நின்ன ஜெய்புன்னிசா காதோரமா சொன்னா. அவ மகனும் இதே கிளாஸுதான். "எனக்கென்னமோ ஒரு புள்ளை மஞ்சத்துணி இல்லாம வந்திருக்குதாட்ட இருக்குதுங்க. அதை மறைக்கத்தான் எல்லாத்தையும் மூட வச்சிருக்காங்க."

வேணிக்கு சுருக்குன்னு கோவம் ஏறுச்சு.

"யாருங்க அந்த அம்மா? ஒத்தக் கவுனுக்கு வக்கில்லாதவ? அவ சோம்பேறித்தனத்துக்கு எம்புள்ளை கவுனை எதுக்கு மறைக்கோணும்?"

வேணி கண்ணு சுத்திச் சுத்தி, எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கற கருப்பம்மாள் மேல போயி நின்னுச்சு. அவ செவுத்தோட செவுரா ஒட்டி நின்னுட்டிருந்தா.

"நீதானா கருப்பம்மா? சொல்லியிருந்தா பழசு ஏதாச்சும் நானே குடுத்திருப்பனே!"

நாலு அம்மாமாரு திரும்பிப் பாத்தாங்க. கருப்பம்மாள் மொகம் செவந்து போச்சு. மகளைக் கூப்பிட்டு, சொட்டர் ஜிப்பை எறக்கினா.

பழைய வெள்ளைக் கவுனு. மஞ்சத்தண்ணியில முக்கி எடுத்தது. அங்கங்க திட்டுத்திட்டா இருந்தாலும் நல்ல மஞ்சள்.

அப்ப வேற யாரு? ஒரே கொழப்பம். அசிங்கப்பட்டதை மறைக்கறதுக்கு, "சரி, எங்க தர்ஷி கவுனையாவது எல்லாரும் பாருங்க"ன்னு தன் மக சொட்டர்ல கையை வச்சா.

தர்ஷி மஞ்சக்கையால ஜிப்பை இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. "வேண்டாம்மா!"

"ஏண்டி?"

உஷா மிஸ் நடுவுல வந்து வேணி கையைப் புடிச்சாங்க. "உட்டுருங்கம்மா. குளிருது. போட்டோ இப்படியே எடுத்துக்கலாம்."

மிஸ் அப்படிக் கண்ணைக் காட்டுனது எதுக்குன்னும் வேணிக்கு வெளங்கல. போட்டோ நீலமாவே எடுத்தாங்க. முடிஞ்சதும் அவ புள்ளையைத் தரதரன்னு இழுத்துட்டு வெளிய வந்து, கேட்டோரம் கற்பூர மரத்தடியில நின்னு, ஜிப்பை சர்ருன்னு எறக்கினா.

உள்ள தீவாளிக்கு எடுத்த செவப்புக் கவுனு.

"என்னடி இது?"

"அப்பா அயர்ன் பண்ணி ஈரத்தைக் காய வச்சாரு. மஞ்சக் கவுனு தீஞ்சு போச்சு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு." புள்ளை விசும்புச்சு. "நான் மிஸ்கிட்ட அழுதேன். அப்பறம்தான் மிஸ் எல்லாரையும் சொட்டர் போடச் சொன்னாங்க."

வேணி அப்படியே நின்னா. கை ஜிப்பு மேலயே இருக்குது, ஆனா திருப்பி ஏத்தத் தோணல. மகளைக் கூட்டிக்கிட்டு அந்த வழியா வந்த கருப்பம்மாளும் நின்னுட்டா. அவ கண்ணுல செவப்பு பட்டுருச்சு.

பின்னாலயே ஜெய்புன்னிசா வேகவேகமா வர்ற சத்தம். "ஏனுங்க வேணி! மஞ்சத்துணி இல்லாம வந்தது யாரு ஊட்டுப் புள்ளைன்னு தெரிஞ்சுதுங்களா?"

கருப்பம்மாள் சட்டுன்னு குனிஞ்சு, தர்ஷி சொட்டர் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏத்தி உட்டா.

"பாப்பாவுக்குக் குளிருதாமாங்க," ன்னா.