ஓனரை விடாதீங்க

மனைவி சந்திரலேகாவின் மேல் பைக்கை மோதிக் காலை முறித்தவன் பிடிபட்டான் என்றதும், சபாபதி கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

“பதினாறு வயசுப் பையன். லைசென்ஸ் கெடையாது,” என்றார் ஏட்டு.

“அவன உள்ள வெக்க முடியாதா சார்?”

“வண்டி ஓனரத்தான் வெக்கணும். சட்டம் அப்படி.”

சபாபதிக்கு வயிறு குளிர்ந்தது.

“அதான் சரி. சின்னப் புள்ள கையில வண்டியக் குடுத்தவன் களி திங்கணும். யாரு சிபாரிசுக்கு வந்தாலும் விடாதீங்க!”

புகாரிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏட்டு வண்டி எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். திரையைப் பார்த்தார். சபாபதியைப் பார்த்தார்.

“ஓனர் பேரு சபாபதி, மஞ்சக்குப்பம். நீங்கதானா?”

“ஐயோ, அத போன வருஷமே சிதம்பரத்துல ஒரு புரோக்கர்கிட்ட வித்துட்டேனே!”

“ஆர்.சி. புக்குல பேரு மாத்துனீங்களா?” என்று கேட்டபடி, ஏட்டு புகாரைப் பத்திரமாகக் கோப்பில் வைத்தார்.