உடம்பில் ஒட்டாத காப்பி

செண்பகவல்லியின் குடலைப் புற்றுக்கட்டி மூன்று இடங்களில் அடைத்திருந்தது. பதினொரு நாளாக மூக்கில் குழாய். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது, இத்தனை அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தும் பயனில்லை என்ற டாக்டரம்மா, வயிற்றில் ஒரு குழாய் போட்டுவிடலாம் என்றார்.

"குடிக்கிறது அந்தக் குழாய் வழியா வெளிய ஒரு பைக்குள்ள வடிஞ்சிரும். வாந்தி வராது. ஆனா உடம்புல ஒட்டாது."

"காப்பி குடிக்கலாமா?"

"தாராளமா."

"நாக்குல பட்டாப் போதும், டாக்டரம்மா. போடுங்க."

"இன்னும் எத்தன நாளு இருப்போம்னு கேக்காம காப்பியக் கேக்காளே" என்று கணவர் குற்றாலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழாய் போட்ட மூன்றாம் நாள், வாழ்க்கையில் முதன்முறையாக அவரே காப்பி போட்டு பிளாஸ்கில் கொண்டுவந்தார். அவள் கண்ணை மூடி, மிடறு மிடறாகக் குடித்தாள். கட்டிலோரம் தொங்கிய பை மெல்லப் பழுப்பானது. பார்க்க முடியாமல் அவர் சன்னல் பக்கம் திரும்பினார்.

"இங்க பாருங்க. டிகாஷன் தண்ணியா இருக்கு. சீனிய அள்ளிப் போட்டிருக்கீய."

ஆஸ்பத்திரிக்கு வந்தபின் அவள் அவரைக் குறை சொன்னது அன்றுதான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு ஒழுங்காப் போடுதேன்."

"நாளைக்கா? பிளாஸ்குல மிச்சம் இருக்குல்லா, ஊத்துங்க. பையில இன்னும் எடம் கெடக்கு."