ஒரு வார்த்தை கேட்டுவிட்டு

கரடியூர் காபி எஸ்டேட் ஆபீசுக்குப் பிருந்தா எக்செல்லில் ஒரு மேக்ரோ எழுதிக் கொடுத்திருந்தாள். பட்டனை அழுத்தினால் போதும், அன்றைய காபிப் பழ எடை ஃபைல்களை அதுவே எடுத்துக் கூட்டிவிடும். மேனேஜர் தங்கவேலுவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"ஏங் கண்ணு, அது பாட்டுக்கு எடுத்துக்குதே? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச்சா?"

"எப்பவும் அதே ஃபோல்டர்தானுங்களே சார். இதுல கேக்க என்னங்க இருக்குது?"

"இருந்தாலும் கேக்கோணும். முறையாக் கூப்பிடாத கண்ணாலத்துக்கே நான் போறதில்ல. இது நம்ம ஆபீசுக்கு வேண்டாம் கண்ணு. பழையபடி கையிலயே கூட்டிக்கலாம்."

போட்ட உழைப்பெல்லாம் வீணாகிவிடுமே என்று பதறிய பிருந்தா, மறுநாளே மேக்ரோவைத் திருத்திக்கொண்டு வந்தாள். இப்போது பட்டனை அழுத்தியதும் திரையில் ஒரு பெட்டி வந்து, 'ஐயா, எந்த ஃபோல்டரை எடுக்கட்டுங்க?' என்று பணிவாகக் கேட்டது.

தங்கவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலும் கீழும் தேடினார், தாடையைச் சொறிந்தார், கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கணக்கு ஒரு கிலோகூடப் பிசகாமல் வந்து நின்றது.

"பாத்தியா கண்ணு! மனுசன் பாத்து எடுத்துக் குடுத்தா எத்தனை சுத்தமா வருது!"

"ஆமாங்க சார். நொம்பச் சரியா எடுத்தீங்க," என்றாள், பின்னால் நின்றிருந்த பிருந்தா.

அவர் எடுத்துக் கொடுத்தது பேத்தியின் காதுகுத்து போட்டோக்கள் இருந்த ஃபோல்டர். கேட்கத்தான் மேக்ரோவுக்கு அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். பதிலைக் காதில் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை.