நல்லம்மாளின் முறை

"அன்லிமிட்டெட்னு சொல்லித்தானே லைன் குடுத்தீங்க? இப்ப அளவு முடியப் போகுதுன்னு மெசேஜ் வந்தா என்ன லா அர்த்தம்?"

நல்லம்மாள் ஹேண்ட்போனை ஜன்னல் விளிம்பிலிருந்து எடுக்காமல், குனிந்து நின்று ஸ்பீக்கரில் பேசினாள். அதை நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் பக்கத்து வீட்டுக்கு ஹாட்ஸ்பாட் எட்டாது. பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு இப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் தன் குரலே அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

தமிழுக்கு நாலை அழுத்தி, இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவன் கிடைத்திருந்தான்.

"வணக்கம் மேடம். நான் தர்மா பேசுகிறேன். உங்கள் அடையாள அட்டை எண்ணைச் சொல்லுங்கள்." செய்தி வாசிப்பது போலப் பேசினான்.

சொன்னாள். மறுமுனையில் கீபோர்ட் தட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேன்... அக்கா." தொண்டையைச் செருமிக்கொண்டான். "மழைச் சத்தம். சரியா கேக்கல."

"உங்க பக்கமும் மழையா? இங்க ஆயர் தாவார் ஊரே மிதக்குது. அத விடுங்க. என் லைனுக்கு என்ன கேடு?"

"போன்ல எவ்வளவு வேணும்னாலும் பாக்கலாம்க்கா. ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும்தான் அளவு. முன்ன முப்பது ஜிபி. இந்த மாசத்துலேருந்து பத்து."

"காசு குடுத்து அரிசி வாங்குறேன். என் இலையில போட்டா சரி, பக்கத்து இலையில போட்டா தப்பா?"

"தப்புன்னு சொல்லலக்கா. ரூல்ஸ்."

"யாரு போட்டது, நீங்களா?"

"நான் போடல. சொல்றதுக்கு மட்டும்தான் நான்."

காலையிலிருந்து எத்தனை பேரிடம் இதையே சொன்னானோ, அவன் குரலும் ஓய்ந்துதான் இருந்தது.

ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது எஸ்டேட் லயத்து வீடுகளை உடைத்து, இந்தத் தாமான் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். தண்ணீர் வந்தது, கரண்ட் வந்தது. இன்டர்நெட் கேபிள் மட்டும் ரோட்டு முனையோடு நின்றுவிட்டது. அதனால்தான் முறை வைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக் கோகிலனின் சொந்த ஹாட்ஸ்பாட் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். அடுத்து, அவனுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஜெயபாலன் கொடுப்பார். அதற்கும் அடுத்து நல்லம்மாள். அவளுடைய முறை நேற்றுத்தான் தொடங்கியது. இன்றைக்கே முடியப் போகிறது.

"தம்பி, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. நான் யூடியூப் பாக்கக் கேக்கல. பக்கத்து வீட்டுல ஒரு பிள்ளை. காம்பார் டவுனுல வேலை பாத்துக்கிட்டு இருந்தவன், அப்பா படுத்த படுக்கையாயிட்டாருன்னு வந்துட்டான். பொழுது சாயுற வரைக்கும் கதவச் சாத்திக்கிட்டு வீட்டுலேருந்தே ஏதோ கம்பெனி வேலை. இந்த மாசம் ரெண்டு தடவை லைன் அறுந்துபோச்சு. மூணாவது தடவை அறுந்தா வேலையை விட்டுத் தூக்கிருவாங்களாம். ரொம்ப சுசா லா, ரொம்பக் கஷ்டம் அவனுக்கு. அவன் பேரு..."

"பேரு வேணாம்க்கா!" பதறியவன் போலக் குறுக்கிட்டான். பிறகு குரலைத் தணித்தான். "இந்தப் பேச்செல்லாம் பதிவாகுது. பேரு வேணாம்."

"பதிவாகட்டுமே. உங்க பெரியவங்களும் கேக்கட்டும். அப்பனுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு, மூத்திரத் துணி அலசிக்கிட்டு உழைக்கிற பிள்ளை. உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் படுத்திருந்தா தெரியும் உங்களுக்கு."



"தெரியும்க்கா" என்றான் மெதுவாக. தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "ஒரு லைனுக்கு வருசத்துல ஒரு தடவை, எங்க கையால அஞ்சு ஜிபி போடலாம். உங்களுக்கு இதுவரைக்கும் யாரும் போடல. நான் போட்டுட்டேன்."

நல்லம்மாளுக்குக் கண் கலங்கியது. "நல்லா இருப்பே தம்பி."

"ஆனா ஒன்னு. போன அடைச்சுத் தொறந்தாத்தான் ஏறும். இப்ப அடைக்காதீங்க. ஏழு மணிக்கு மேல அடைங்க."

"இப்ப அடைச்சா என்ன?"

"இல்லக்கா... ஏழு மணிக்கு மேலன்னா நல்லது. இப்ப தீர்றதுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு, தாங்கும். தயவு செஞ்சு ஏழு மணி வரைக்கும்..."

ஏழு மணியாம். மணி இன்னும் நாலுகூட ஆகவில்லை. இந்தக் கம்பெனிக்காரர்கள் எதையும் உடனே செய்ய விடமாட்டார்கள். அதற்குள் மிச்சமும் தீர்ந்து, அந்தப் பிள்ளைக்கு லைன் அறுந்து தொலைத்தால்? அடைத்துத் திறப்பது கண் மூடித் திறக்கிற நேரம். அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது?

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை இருண்டது. மறுபடியும் திறந்து, ஹாட்ஸ்பாட்டைத் தட்டிவிட்டதும் அஞ்சு ஜிபி ஏறியிருப்பதாக மெசேஜ் வந்தது. இடுப்பு வலிகூடக் கொஞ்சம் குறைந்தாற்போல இருந்தது.

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். திறக்க நேரமாயிற்று.

"கோகிலா, கவலைய விடு. போன்ல ஒரு தம்பி, தங்கமான பிள்ளை, அஞ்சு ஜிபி போட்டுக் குடுத்துட்டான். நானும் உடனே அடைச்சுத் தொறந்துட்டேன்."

கோகிலன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டான்.

"ஏழு மணிக்கு மேலன்னு சொன்னேனேக்கா" என்றான், தர்மாவின் குரலில்.