பத்து லிட்டர் கேன்

ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் மனைவி பேரின்பம், அவள் மடியில் பத்து லிட்டர் தண்ணீர் கேன். பின்னால் கருவிப் பெட்டிமேல் அவள் தம்பி தவசிக்கனி. கூரையை அறுத்த பழைய ஃபியட்டில் ஜீப் எஞ்சினை ஏற்றிய நாளிலிருந்து, இந்த மலைப்பாதையில் நாலு முறை கொதித்து நின்றுவிட்டது. இன்றும் நின்றால் எடைக்குப் போட்டுவிடுவதாகப் பேரின்பத்திடம் ஒப்புக்கொண்டிருந்தேன். பதிலுக்குக் காத்திருந்த இரும்புக் கடைக்காரருக்குக் கடிதமும் தயார்: ‘வண்டியை எடுத்துச் செல்ல வரவும் / வர வேண்டாம்.’ இரண்டில் ஒன்றை அடித்து நீக்குவதுதான் பாக்கி.

“இது காரா, டீக்கடை பாய்லரா அத்தான்?” என்றான் தவசிக்கனி.

நேற்று ஓடும் எஞ்சினின் விசிறியருகே நின்ற பேரின்பம், “காத்து பூரா என் முந்தானைக்குல்லா வருது, ரேடியேட்டருக்கு என்ன மிச்சம்?” என்று கேட்டிருந்தாள். அதன்பிறகே, காற்று சிதறாமலிருக்க, விசிறியைச் சுற்றி எண்ணெய் டின் தகரத்தில் வளையம் அடித்தேன்.

உச்சியில், தபால்பெட்டியருகே நிறுத்தினோம். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை.

“எஞ்சினுக்குத் தாகமில்ல. எனக்குக் குடுக்கா” என்று தம்பி கேனை வாங்கிக் குடித்தான். பேரின்பம் என் பேனாவால் ‘வரவும்’ என்பதை அடித்தாள். கேன் தண்ணீரில் விரலை நனைத்து, உறையை ஒட்டி, அவளே பெட்டியில் போட்டாள்.