சிவப்பாக ஒரு வரி

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்கு மேலே இருக்கும் மாடி அறையில், மழை விட்ட வெளிச்சம் மேசைகள்மேல் விழுகிறது. மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் ஒன்றின் புதிய பதிப்பு ஐந்து மணிக்கு வெளியாக வேண்டும். ஸுப்ரியா ஏழு வருடமாகச் சேர்த்து அடுக்கிய ஒன்பதாயிரம் சோதனை நிரல்களும் அதன் வழியாக ஓடி முடிகின்றன. திரை முழுக்கப் பச்சை. ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு. புதிய வரிகள் எழுதிக் கம்பைலரை வேகப்படுத்திய சங்கர்ராம் கடிகாரத்தைப் பார்க்கிறான். “ஒண்ணுதானே சேச்சி. பழைய டெஸ்ட். களைஞ்சுடலாமே?” “எதுக்கு வெச்சதுன்னு பார்த்துட்டுக் களையலாம்டா” என்று அவள் அந்தச் சோதனையைத் திறக்கிறாள். தலைப்பில் அவளே முன்பு எழுதிய குறிப்பு இருக்கிறது: ‘குளிர்பதனக் கிடங்கில் வைக்கச் சொன்ன மைனஸ் பதினெட்டு டிகிரியை நம் கம்பைலர் பிளஸ் பதினெட்டாக்கியது. ஒரு லோடு இறால் அழுகிப்போனது.’ சங்கர்ராம் இரண்டு முறை படிக்கிறான். அதே பிழை அவனுடைய புதிய வரிகளில் திரும்பி வந்திருக்கிறது. கீழே சுமைக்காரர்கள் சாக்கு இறக்கும் சத்தத்தினிடையே, இரண்டு வார உழைப்பை அவன் ஒவ்வொரு வரியாக அழிக்கிறான். ஸுப்ரியா வெளியீட்டை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி எல்லாவற்றையும் ஓடவிடுகிறாள். சிவப்பு மறைகிறது. “இதை எப்படி ஓர்மை வெச்சிண்டிருந்தேள்?” என்று அவன் கேட்கிறான். “எனக்கு எங்கேடா ஓர்மை? மறந்துபோயிடும்னுதான் எழுதி வெச்சேன்.” சங்கர்ராம் புதிய சோதனை ஒன்றைத் திறந்து, இன்று தான் செய்த பிழையைத் தன் பெயரோடு எழுதத் தொடங்குகிறான்.